பையில் கிடக்கும் சின்னச் சாமான்: உங்களை நடக்க விடாமல் காப்பாற்றியது எது?

மெதுவோட்டி:

வணக்கம். உபரி டியூப், பம்பு, மல்டிடூல் பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. நான் கேட்பது அதற்கும் சின்னது. உள்ளங்கையில் அடங்க வேண்டும். சில்லறைக் காசுக்குக் கிடைக்க வேண்டும், அல்லது வீட்டில் சும்மா கிடப்பதாக இருக்க வேண்டும். ஆனால் அது கையில் இல்லாத அன்றைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீடு வர வேண்டும். அப்படி உங்கள் சீட்டுப் பையில் என்ன இருக்கிறது?

கேட்பதற்குக் காரணம் உண்டு. போன ஞாயிறு, வீட்டிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி, பின்சக்கரம் பஞ்சர். பதற்றமே இல்லை, நிதானமாக டியூபை மாற்றினேன். 2 கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிட்டது. முதல் முறையே டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன்தான், எதுவும் தட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் டயரை மடக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முடி கனத்தில் ஒரு கம்பி. தேய்ந்த லாரி டயர்களிலிருந்து உதிருமே, அந்த எஃகு இழை. ரப்பருக்குள் புதைந்து கிடக்கிறது, ஆள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கிறது. நகத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் புருவம் திருத்தும் சாமணம்தான் அதை எடுத்தது. அன்றிலிருந்து அது என் பையில் இருக்கிறது. வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் முறை.

பின்சக்கரம்:

குவிக் லிங்க், அதாவது அறுந்த செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் கண்ணி. யோசிக்கவே வேண்டாம்.

மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் அறுந்தது. பெடல் சட்டென்று கீழே போய், முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. செயினின் வெளித்தகடு ஒன்று வாயைப் பிளந்திருந்தது. அந்தத் தகட்டை மட்டும் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே குவிக் லிங்க் போட்டேன். செயின் நீளம் மாறவில்லை, எல்லா கியரும் முன்போலவே வேலை செய்தது. சின்னத் துண்டு இரும்பு, எடை சில கிராம்தான்.

எட்டாம்கியர்:

பின்சக்கரம் அண்ணா, புதியவன் ஒரு சந்தேகம் கேட்கிறேன். குவிக் லிங்க் இருந்தால் கையாலேயே செயினைச் சேர்த்துவிடலாமா? வேறு கருவி எதுவும் வேண்டாமா?

கிரீஸ்கை:

தம்பி, சேர்ப்பதற்குக் கை போதும். உடைந்த தகட்டைக் கழற்றுவதற்கு என்ன செய்வீர்கள்? செயின் கட்டர் இல்லாமல் குவிக் லிங்கை மட்டும் சுமப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மல்டிடூலில் கட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பழைய செயின் துண்டு ஒன்றில் நாலு முறை பின்னைத் தள்ளிப் பழகுங்கள்.

இரண்டாவது விஷயம், லிங்கின் அளவு. கண்ணிக்குக் கண்ணி தூரம் எல்லாச் செயினிலும் அதே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அகலம்தான் வேகத்துக்கு, அதாவது பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறுகிறது. 8 வேகச் செயின் சுமார் 7.1 மி.மீ., 11 வேகம் சுமார் 5.5 மி.மீ. 9 வேகத்துக்கு உரிய லிங்கை 11 வேகச் செயினில் போட்டால் பின்னால் பல்சக்கரத்தில் உரசும், துள்ளும். 6, 7, 8 வேகங்களுக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே லிங்க் ஒத்துவரும்.

மூன்றாவது: அறுந்தது உள்தகடு என்றால் அதையும் அதற்கு இரு பக்கமும் உள்ள வெளித்தகடுகளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். லிங்கைப் போட்ட பிறகு செயின் ஒரு அங்குலம் குறைந்திருக்கும். வீடு போய்ச் சேரும்வரை முன்னாலும் பெரிய பல், பின்னாலும் பெரிய பல் என்று போட்டுவிடாதீர்கள். செயின் இழுத்துப் பிடித்துக்கொண்டால் டிரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கியர் பாகம்) கையோடு வந்துவிடும்.

எட்டாம்கியர்:

பார்த்தேன். என் மல்டிடூலில் கட்டர் இல்லை. பாட்டில் திறப்பான் இருக்கிறது.

மேட்டுக்காரி:

சிரித்துவிட்டேன் தம்பி. என்னுடையதிலும் அதேதான் இருந்தது.

செயின் பேச்சு வந்ததால் ஒன்று: பழைய ஸ்போக் கம்பி ஒரு விரல் நீளம் வெட்டி, இரண்டு முனையையும் கொக்கியாக வளைத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த செயினின் இரு முனைகளையும் அதில் மாட்டிவிட்டால் செயின் விறைப்பு இல்லாமல் தொங்கும், லிங்கை நிதானமாகப் போடலாம். இல்லையென்றால் ஒரு முனையைப் பிடித்தால் இன்னொன்று ஓடும். தனி ஆளுக்கு மூன்றாவது கை மாதிரி.

அப்புறம் என் பையில் உள்ள மற்றவை. ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை: செயினைத் தொட்ட கையோடு ஹேண்டில் டேப்பைப் பிடிக்க எனக்குப் பிடிக்காது. திடீர் மழையில் குளிருக்கு உள்ளுறையாகவும் ஆகும். ஜிப் டை நாலு, இரண்டு நீளம். விளக்கு மாட்டும் பிடி உடைந்தபோது, மட்கார்டு டயரில் உரசியபோது, ஒருமுறை தோழியின் ஷூவில் அடிப்பகுதி பிளந்தபோதுகூட.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு அட்டை. பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டில் இருவரின் தொலைபேசி எண்கள். ஹெல்மெட்டின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். போனில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். நான் விழுந்த அன்று போன்தான் முதலில் உடைந்தது.

நூறுகிராம்:

இந்த இழையைப் படித்தால் ஆளுக்கு ஒரு பழைய இரும்புக் கடை சுமக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் சட்டைப் பையில் ஒரு டியூப், டயரைக் கழற்றும் லிவர் ஒன்று, ஒரு சிஓ2 சிலிண்டர், போன். அவ்வளவுதான். 7 வருடமாக நடந்ததே இல்லை.

வால்டியூப்:

தம்பி, நீங்கள் நடக்கவில்லை, சரி. உங்களுக்குக் காற்று அடித்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

நூறுகிராம்:

இரண்டு பேர். அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது ஐயா.

கிரீஸ்கை:

சிஓ2 பற்றித் தெரியாதவர்களுக்கு: 16 கிராம் சிலிண்டர் மெல்லிய ரோடு டயர் ஒன்றை ஒரு தடவை நிரப்பும். அகலமான டயருக்குப் போதாது. தலையைச் சரியாகப் பொருத்தாமல் திருகினால் மொத்தமும் காற்றில் போய்விடும், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. விடும்போது சிலிண்டர் உறைபனி பூக்கிற அளவு குளிரும், வெறும் கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அதுமட்டுமல்ல, கரியமில வாயு சாதாரணக் காற்றைவிட வேகமாக ரப்பர் வழியாகக் கசியும். இன்று அடித்தது மறுநாள் காலை தளர்ந்திருக்கும். அதைப் பார்த்து மறுபடி பஞ்சர் என்று டியூபைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அதை இறக்கிவிட்டு வெறும் காற்று அடித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் குட்டிக் கைப்பம்பு. 200, 300 அடி அடிக்க வேண்டியிருக்கும், தோள் வலிக்கும், ஆனால் தீர்ந்துபோகாது.

வால்டியூப்:

என் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், நான் பழைய ஆள். அந்தக் காலத்து வால்வில் ஒரு சின்ன ரப்பர் குழாய் மாட்டுவோம், அதுதான் வால்டியூப். வெயிலில் அது பிசுபிசுத்துப் போகும். ஒரு விரல் நீளத் துண்டு சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். இன்றும் அந்த வகை வால்வு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

இப்போதைய சைக்கிளுக்கு வந்த பிறகு என் பையில் சேர்ந்தது ப்ரெஸ்டா அடாப்டர். மெல்லிய பிரெஞ்சு வால்வின் மேல் திருகினால், கார், மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் குழாய் அதில் பொருந்தும். பித்தளையில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. நான் அதை வால்வு மூடிக்குப் பதிலாக முன்சக்கரத்திலேயே திருகி வைத்திருக்கிறேன். பைக்குள் போட்டால் தேவைப்படும்போது கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. காருக்கு அடிக்கும் கம்ப்ரெஸரில் சைக்கிள் டியூபுக்கு அடிக்கும்போது ஒரு நொடி, நிறுத்து, அழுத்திப் பார், மறுபடி ஒரு நொடி. நம் டியூபில் கொள்ளளவு கொஞ்சம், அழுத்தம் கண்மூடித் திறப்பதற்குள் எகிறிவிடும். காது அடைக்க வெடித்து நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம்கியர்:

ஐயா, வழியில் யாராவது டியூப் கொடுத்தால் வால்வு வேறாக இருந்தாலும் போடலாமா?

வால்டியூப்:

ரிம்மில் உள்ள துளையைப் பொறுத்தது. பிரெஞ்சு வால்வுக்கு 6.5 மி.மீ. துளை, கார் மாதிரி வால்வுக்கு 8.5 மி.மீ. பெரிய துளையில் மெல்லிய வால்வை நுழைத்து எப்படியோ ஓட்டிவிடலாம், ஆடாமல் இருக்க அடியில் டேப் சுற்ற வேண்டும். சின்னத் துளையில் தடித்த வால்வு நுழையவே நுழையாது. வழியில் உட்கார்ந்து துளையைப் பெரிதாக்கப் பார்க்காதே.

சகதி:

காட்டுப் பாதை ஓட்டுபவன், டியூப்லெஸ். எங்களுக்கு ஒரே சாமான், ரப்பர் புழு. பிசின் தடவிய நூல் மாதிரி இருக்கும், ஊசியில் கோத்துத் துளைக்குள் குத்தி இழுத்தால் 1 நிமிடத்தில் வேலை முடிந்தது. டயரைக் கழற்றவே வேண்டாம். அப்புறம் வால்வு நடுக்கம்பியைக் கழற்றும் குட்டிச் சாவி. துளையை அடைக்க டயருக்குள் ஊற்றிய பால் மாதிரித் திரவம் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும், அப்போது உபரி நடுக்கம்பி ஒன்று இருந்தால் தப்பித்தோம்.

ஆனால் பக்கவாட்டில் டயர் கிழிந்தால் புழு நிற்காது. அதற்கு டயருக்கு உள்ளே வைக்கும் துண்டு வேண்டும்.

மேட்டுக்காரி:

அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். தேய்ந்துபோன பழைய ரோடு டயரின் பக்கச்சுவரில் தீப்பெட்டி அளவு வெட்டி, முனைகளை உருட்டையாக்கி வைத்துக்கொள்ளுங்கள். முனை கூராக இருந்தால் அதுவே டியூபைக் குத்தும். இல்லையென்றால் தீர்ந்துபோன பற்பசைக் குழாயை வெட்டிக் கழுவி மடித்து வைக்கலாம். இழுத்தால் நீளாத பொருளாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். துணியோ ரப்பர் ஒட்டோ வைத்தால் காற்றழுத்தத்தில் கிழிசல் வழியாகப் பிதுங்கும். வைத்த பிறகு காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடியுங்கள். கிழிந்த பக்கம் பின்சக்கரத்தில் இருந்தால் நல்லது, முன்சக்கரத்தில் என்றால் இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வாருங்கள்.

பின்சக்கரம்:

// உரித்து ஒட்டும் ஒட்டு //

இதைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே என்று நானே எழுதிக்கொண்டேன். சொல்யூஷன் வேண்டாத ஒட்டு, தபால்தலை மாதிரி 6 துண்டு. டியூப் தீர்ந்த பிறகு கடைசி நம்பிக்கை.

கிரீஸ்கை:

வழிக்கு ஓகே. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஓரம் கிளம்பும். நான் சொல்யூஷன் கட்சி. உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஒட்டைவிட அகலமாகத் தடவி, 5 நிமிடம் காய விட்டு, பளபளப்பு போனதும் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்யூஷனைத் திட்டுகிறார்கள்.

ஆனால் எத்தனை பேரின் சொல்யூஷன் குழாய் இன்னும் உயிரோடு இருக்கிறது? ஒருமுறை திறந்தால் எவ்வளவு இறுக மூடினாலும் சில மாதங்களில் காய்ந்துவிடும். இப்போதே போய் அழுத்திப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

எட்டாம்கியர்:

வெறும் காற்று வந்தது.

மேட்டுக்காரி:

எனக்குக் காற்றும் வரவில்லை.

நூறுகிராம்:

என்னிடம் இல்லை, அதனால் காயவும் இல்லை.

மெதுவோட்டி:

கிரீஸ்கை அண்ணா, என்னுடையதும் கல்லாகிவிட்டது. திறக்காத சின்னக் குழாயாக இரண்டு வாங்கி, திறந்த தேதியை மேலே எழுதி வைக்கப் போகிறேன்.

அன்றைய கம்பியைப் பற்றி இன்னொரு கேள்வி. விரலுக்குத் தட்டாததை வழியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கிரீஸ்கை:

இதற்குச் சாமானே வேண்டாம். டயர் மாட்டும்போது அதன் மேல் எழுத்து அச்சிட்ட இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். எப்போதும், இரண்டு சக்கரத்திலும். பஞ்சரானால் டியூபை மட்டும் உருவி, காற்றடித்துத் துளையைக் கண்டுபிடியுங்கள். வால்வுக்கு எத்தனை சாண் தூரத்தில் துளை என்று பார்த்து, டயரில் எழுத்திலிருந்து அதே தூரத்தில் தேடினால் போதும். எந்தப் பக்கம் என்று குழப்பம் வந்தால் இரண்டு பக்கமும் பாருங்கள், முழுச் சக்கரத்தையும் தடவ வேண்டியதில்லை. டயரை அந்த இடத்தில் வெளிப்புறம் வளைத்தால் கம்பி தலை காட்டும்.

துளையே கதை சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கொத்திய மாதிரி இருந்தால் முள் கிடையாது: காற்று குறைவாக இருந்து, குழியில் இறங்கியபோது ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. டியூபின் உள்வட்டத்தில், ஸ்போக் பக்கமாகத் துளை இருந்தால் ரிம் டேப் விலகியிருக்கிறது. அங்கே டயரில் முள்ளைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள், மின்சார டேப்பை வைத்து ஸ்போக் தலையை மூடுங்கள். அந்த டேப்பை உருளையாகச் சுமக்க வேண்டாம், பம்பின் உடலில் நாலு சுற்றுச் சுற்றி வைத்தால் போதும்.

சகதி:

போல்ட் யாரும் சொல்லவில்லையே? எம்5 போல்ட் 2. பாட்டில் கூடு, கேரியர், மட்கார்டு, பெடல் ஷூவின் கிளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் தகடு) எல்லாம் பெரும்பாலும் எம்5தான். அதிர்வில் கழன்று விழுவது எப்போதும் நமக்குத் தெரியாமல்தான். ஒருமுறை ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் முன்தகட்டுப் போல்ட் ஒன்று காணாமல் போய், பாட்டில் கூட்டிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டு வந்தேன்.

கிரீஸ்கை:

அதை மட்டும் எழுதியிருக்க வேண்டாம். திருகு ஒன்றாக இருப்பதால் பலம் ஒன்றாகிவிடாது. பாட்டில் கூட்டில் வருவது பல நேரம் மெல்லிய அலுமினியம் அல்லது மிருதுவான எஃகு. ஸ்டெம்மில் உங்கள் மேல் உடம்பின் எடை தொங்குகிறது. அறுந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். கிளீட்டுக்கும் தலை வடிவம் வேறு, சரிவாகப் பதியும் தலை வேண்டும். ஆகவே உபரி போல்ட் வைத்துக்கொள்வதாக இருந்தால் கிளீட் போல்ட் 1, மற்றவற்றுக்குப் பொதுவானது 1.

சகதி:

ஒப்புக்கொள்கிறேன். அன்று நடை வேகத்தில்தான் வந்தேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

பின்சக்கரம்:

இந்தப் பேச்சில் 1913 நினைவுக்கு வருகிறது. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்கு டூர்மலே மலை இறக்கத்தில் முன் ஃபோர்க் உடைந்தது. வெளியாள் யாரும் உதவக்கூடாது என்பது விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு 10 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, செயின்ட் மரீ தெ காம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே ஃபோர்க்கை அடித்துச் சேர்த்தார். பட்டறைச் சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்ததற்காக நேர அபராதமும் விதித்தார்கள்.

நூறுகிராம்:

பார்த்தீர்களா, பை நிறைய சாமான் இருந்தாலும் அவருக்கு உதவியிருக்காது.

வால்டியூப்:

இரண்டு பேர் காற்று அடித்துக் கொடுத்ததற்கு உங்களுக்கு எவ்வளவு அபராதம் போடலாம் தம்பி?

மேட்டுக்காரி:

விட்டுப்போன சில: உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று. 1 லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் மொத்தமாகக் கொட்டாதீர்கள். கரைசல் கெட்டியானால் தாகம் தீராது, வயிறும் பிரட்டும். பாதி போடுங்கள், மீதியை மடித்து ரப்பர் பேண்டு போடுங்கள்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் மடித்த அட்டைத்துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி காரில் ஏற்றும்போது யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் பேடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் உள்ளே போகாது. அட்டையை நடுவில் சொருகினால் பிரச்சினை இல்லை.

எட்டாம்கியர்:

கியர் கேபிள் அறுந்தால்?

கிரீஸ்கை:

பின் டிரெயிலர் பெரும்பாலும் கடைசிச் சின்னப் பல்லுக்குப் போய் நின்றுவிடும், அதாவது கனமான கியர். மேட்டில் மிதிக்க முடியாது. டிரெயிலரில் எச் என்று குறித்த திருகை ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே திருகுங்கள், ஒன்றிரண்டு பல் மேலே தள்ளும். அதற்கு மேல் வேண்டுமானால் மேட்டுக்காரி சொன்ன ஜிப் டையால் டிரெயிலரை இழுத்துக் கட்டலாம். ஒரே கியர், ஆனால் வீடு வரலாம்.

மெதுவோட்டி (நாலு நாள் கழித்து):

எல்லாவற்றையும் திரட்டிவிட்டேன். சாமணம், 9 வேகக் குவிக் லிங்க் (பின் பல்சக்கரங்களை எண்ணிப் பார்த்து வாங்கியது), ஸ்போக் கொக்கி, பற்பசைக் குழாய்த் துண்டு, புது சொல்யூஷன், உப்புத்தாள், ஜிப் டை 4, கையுறை, கிளீட் போல்ட், அடாப்டர், ரத்த வகை அட்டை. டியூப், பம்பு, மல்டிடூல் நீங்கலாக சமையலறைத் தராசில் 74 கிராம். நூறுகிராம் நண்பர் கவனிக்க.

நூறுகிராம்:

அட்டையும் லிங்கும் நானும் எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கிரீஸ்கை:

எல்லாம் சரி. இத்தனையையும் ஒரே பையில் போட்டு மூடிவிட்டீர்களா? உபரி டியூபைத் தனியாகச் சுற்றி வைத்தீர்களா? மல்டிடூலும் கொக்கியும் சாலை அதிர்வில் மாதக்கணக்கில் அதன்மேல் உரசும். பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் கொஞ்சம் டால்கம் பவுடரோடு போட்டு வையுங்கள்.

மெதுவோட்டி:

போன வாரம் பஞ்சரான டியூபுக்குப் பதிலாக அலமாரியிலிருந்து எடுத்து வைத்தது அது. முன்பு 2 வருடம் அதே பையில் மல்டிடூலோடு கிடந்ததுதான். நீங்கள் கேட்ட பிறகு எடுத்துக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன்.

மடிப்பு இருந்த இடத்தில் இரண்டு குமிழ் வருகிறது. சாக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன்.